கரண்ட் போனால்தான் கிதார்

மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டிலேயே கிதார் சத்தத்தையும் வாசிக்கத் தொடங்கிய பிறகு, கிதார் வாசிக்கிற என்னைக் கச்சேரிக்குக் கூப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். வேறு வேலையும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் பக்திப் பாட்டு சிடி போடும் ஸ்டூடியோக்காரர் ஒருவர், கோயில் கச்சேரியில் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு இப்படிச் சொன்னார்: "வீட்லயே கம்ப்யூட்டர்ல ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. பின்னாடி ஒரு இரைச்சல் இல்லாம சுத்தமா இருந்தா, கிதார் வேலை எல்லாம் உங்களுக்கே தர்றேன்."

இன்னொரு பக்கம், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி, துபாயில் ஒரு குடோனில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தான். லீவில் ஊருக்கு வரப்போகிறான். திரும்பிப் போவதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அந்த விசா வேறு ஆளுக்குப் போய்விடும். ரெக்கார்டிங் சரியாக வந்தால் நான் திருக்காட்டுப்பள்ளியிலேயே இருப்பேன். வராவிட்டால் துபாய். இது ஒன்றுதான் கேள்வி. ஆனால் என் மண்டைக்குள் அது ஒன்பது கேள்வியாக ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியில் இடம் இல்லை, ரெக்கார்டிங்குக்கு ஒரே ஒரு சாமான்தான் கொண்டுவர முடியும் என்று கூட்டாளி சொல்லிவிட்டான். நெட் சென்டரில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்ததில், எதை வாங்கலாம் என்று ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். கூட்டாளி துபாயில் ஒரு கடையில் நின்றுகொண்டே போன் செய்தான்.

"மாப்ள, கடைக்காரன் இன்டர்பேஸ் வாங்குங்கறான். அதுல கிதார் ஒயரை நேராச் சொருகிக்கலாமாம், வெளிச்சத்தம் ஏறாதாம். இல்லன்னா கம்ப்யூட்டர்ல சொருகற மைக்கு இருக்கு. எதுடா?"

"எந்த பேஸு?"

"இன்டர்பேஸுடா."

"நம்ம வீட்ல சிங்கிள் பேஸ்தான்டா இருக்கு."

அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது போல. வயலுக்கு மோட்டார் ஓட்டும் ஊரில் பேஸ் என்றால் மின்சாரம்தான். த்ரீ பேஸ் வந்தால் மோட்டார் ஓடும், ஒரு பேஸ் போனால் உள்ளே காயில் கம்பி கருகும். அந்தச் சாமான் சிங்கிள் பேஸில் எரிந்து போனால் யார் பொறுப்பு? தவணையில் வாங்கியிருந்த கம்ப்யூட்டரும் சேர்ந்து போய்விட்டால்?

"மைக்கே வாங்கிட்டு வா, எதுக்கும்," என்றேன்.

அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று பிற்பாடு தெரிந்தபோது கூட்டாளி சிரித்த சிரிப்பை எழுத முடியாது. அதற்குள் அவனும் லீவில் வந்துவிட்டான், மைக்கும் வந்து இறங்கியிருந்தது. நல்ல மைக். அதுதான் தொந்தரவு. கிதாரோடு சேர்த்து, பின்புறத்து ரைஸ் மில், பக்கத்து வீட்டு டிவி, வயல் பக்கத்து மோட்டார் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஜன்னலைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டேன். உள்ளே வெந்து போனேன். மில் சத்தம் மட்டும் அப்படியே கேட்டது. ராத்திரியில் மில் நின்றாலும் வயல் மோட்டார் விடியும்வரை ஓடியது.

ஒரு நாள் கரண்ட் போனது. தினமும் போகிற காலம் அது. மில் நின்றது, டிவி நின்றது, மோட்டார் நின்றது. தெருவே வாயை மூடிக்கொண்டது போல இருந்தது. இதுதான் ரெக்கார்டு செய்கிற நேரம் என்று துள்ளி எழுந்தேன். கம்ப்யூட்டரும் அணைந்திருந்தது.

"அதுக்குத்தானே யூபிஎஸ்னு ஒண்ணு விக்கிறாங்க," என்றாள் மனைவி.

யூபிஎஸ் வாங்கினேன். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் ஓடியது. கூடவே அந்தப் பெட்டி, கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. பாட்டு முழுக்கக் கோழிக்குஞ்சு. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து, கத்துகிற அந்தக் கறுப்புப் பொத்தானின் கம்பியை வெட்டிவிட்டேன்.

மறுநாள் கரண்ட் போனதும் வாசித்தேன். என் வாழ்க்கையில் அப்படி நடுக்கம் இல்லாமல் விரல் ஓடியதில்லை. கடைசி வரிக்கு வந்தபோது திரை கறுத்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. தீரப்போகிறது என்று சொல்லத்தான் அது கத்தியிருக்கிறது. நான் எதையும் சேவ் செய்திருக்கவில்லை.

"எதுக்கெடுத்தாலும் பயப்படுற மனுஷன், பயமுறுத்துற சாமானை மட்டும் புடுங்கிப் போட்டுட்டீங்க," என்றாள் அவள்.

கூட்டாளி கிளம்புவதற்கு முந்தின நாள்தான் மிச்சம். காலையிலிருந்து கரண்ட் போகக் காத்திருந்தேன். போகவில்லை. ஆற்றில் தண்ணீர் வராத வருஷம். போர்வெல் மோட்டாரை நம்பித்தான் நாற்றங்கால். பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வாசலில் நின்று, "பாத்தீங்களாண்ணே, இன்னிக்கு ஒரு தடவை கூட போகல. நாத்து பொழச்சுக்கும்," என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். ஊர் முழுக்க எதற்குச் சந்தோஷப்படுகிறதோ அது எனக்கு மட்டும் கெட்ட சேதி. கரண்ட் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டால் அந்த நாற்று கருகும். வேண்டாமலும் இருக்க முடியவில்லை. எழுந்து போய் மெயின் ஸ்விட்சைப் பார்ப்பேன், திரும்ப வந்து உட்காருவேன்.

"நம்ம வீட்டு ஸ்விட்சைப் பாத்து என்ன ஆகப்போவுது? மில்லுக்காரன் வீட்டு ஸ்விட்சா அது?" என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் போனது. மில் பெருமூச்சு விட்டு நின்றது. மனைவி கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்பே பார்த்து வைத்திருந்தோம். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது கையைத் தூக்குவதாக ஏற்பாடு. பாட்டைத் துண்டு துண்டாக வாசித்து, ஒவ்வொரு துண்டையும் சேவ் செய்தேன். அவள் மூச்சுக்கூட விடவில்லை. கை உயர்ந்தபோது கடைசித் துண்டும் முடிந்திருந்தது.

காலையில் நெட் சென்டர் திறந்ததும் அனுப்பினேன். மதியம் வரை போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. கடைசியில் ஸ்டூடியோக்காரரே கூப்பிட்டார்.

"சுத்தமா இருக்கே. எந்த ஸ்டூடியோவுல போட்டீங்க?"

"வீட்லதாங்க."

"அப்படியா. அடுத்த பாட்டு செவ்வாய்க்கிழமைக்குள்ள வேணும்."

கூட்டாளி வீட்டுக்கு ஓடினேன். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"சரி மாப்ள. செவ்வாய்க்கெழமைக்குள்ள கரண்ட் போகலன்னா?"

"அதைத்தான்டா வழி பூரா நெனைச்சுக்கிட்டே வந்தேன்," என்றேன். "விசாவை நீ வேற ஆளுக்குச் சொல்லிடு."