சாந்தோமில் ஒரு சனி, ஞாயிறு

ராயபுரத்துக்காரர்களுக்கு வெளியூர் பாரிமுனையிலேயே ஆரம்பமாகிவிடும். அதற்கு இந்தப் பக்கம் முழுக்க நம் இடம். கலைந்த தலையோடு எங்கும் போகலாம், வரலாம். அந்தப் பக்கம் போவதென்றால் எண்ணெய் வைத்துப் படிய வாரி, பெட்டியில் இருக்கும் நல்ல துணியை எடுத்து உடுத்த வேண்டும். அறுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, மூன்று பிள்ளைகளுக்கும் அப்படி வாரிவிட்டு, கடைக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தோளில் துணிப்பையோடு நான் சாந்தோமுக்குக் கிளம்பினேன். ஏதோ சிங்கப்பூருக்குக் கப்பலேறுகிற மாதிரி தெருவே வாசலில் நின்று பார்த்தது.

என் வீட்டுக்காரரும் வருவதாகத்தான் இருந்தது. அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கப்பல் உள்ளே வந்துவிட்டது. சரக்கு இறக்கி முடிக்கும்வரை அவரை விடமாட்டார்கள்.

“அடுத்த வாரம் போலாமே. மூணு புள்ளைங்கள வெச்சிகினு தனியா நீ இன்னா பண்ணுவே?” என்றார்.

“ஒன் கப்பல நம்பிகினு குந்தியிருந்தா புள்ளைங்களுக்கு மீசதான் மொளைக்கும். நானே இட்டுகினு போறேன்” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று தெருவில் பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். வாயில்லாதவள் எங்கள் தெருவில் குழாயடியில் ஒரு குடம் தண்ணீர்கூடப் பிடிக்க முடியாது.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்பது பிள்ளைகளுக்குச் சொன்னது. விஷயம் வேறு. என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, சாந்தோமில் இருந்தாள். எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள்தான். சர்க்கார் ஆபீசில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு அங்கே போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் தம்பிக்குக் கடிதம் எழுதியிருந்தாள்: பெரியவளை என்னிடம் விடுங்கள், கான்வென்டில் சேர்க்கிறேன், என் பிள்ளையாக வளர்க்கிறேன்.

பெரியவளுக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்காரருக்கு அரை மனது இருந்தது. “புள்ள நல்லா படிச்சா நல்லதுதானே. நீ போய்ப் பாரு. நீ சொல்றதுதான்” என்றார். எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. தரமாட்டேன் என்ற பதிலை முந்தானையில் முடிந்துகொண்டுதான் பஸ் ஏறினேன். கடிதத்தில் எழுதினால் மரியாதையாக இருக்காது, நேரில் போய் இரண்டு நாள் தங்கிச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வருவோம் என்று கணக்கு.

முதலில் உயிர் காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கு எங்கள் ஜனங்கள் வைத்த பேர் அது. பாடம் பண்ணிய மிருகங்களை வைத்திருக்கும் எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். சிங்கத்தின் கூண்டு முன்னால் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். சிங்கம் ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.

“இன்னாம்மா இது, தூங்கிகினே கீது. நைட் ஷிப்டா?” என்றான் நடுப்பையன். அவனுக்கு ஆறு வயது. பகலில் தூங்குகிற ஆம்பிளை என்றால் நைட் ஷிப்டு முடித்து வந்தவர் என்றுதான் அவனுக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று வயதுக் கடைக்குட்டி யானையை விட்டுவிட்டு யானைக்குப் போட்ட கரும்புக்கு அழுதான். பெரியவள் மட்டும் ஒவ்வொரு கூண்டிலும் இருந்த பலகையை இங்கிலீஷ் எழுத்தையும் விடாமல் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மத்தியானம் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நூல் புடவைக்குக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் வாசலில் நின்றாள். தலைக்கு மேலே மின்விசிறி. வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். நடுப்பையன் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, “இன்னா அத்த, வரிசையே இல்ல?” என்று கேட்டான்.

“‘இன்னா’ இல்ல கண்ணு. ‘என்ன’ன்னு சொல்லு” என்றாள் நாத்தனார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பேச்சுக்கு என்ன குறைச்சல்? அதைப் பேசித்தானே இவளும் வளர்ந்தாள்? நடுப்பையன் அவள் திருத்தியதைக் காதில் வாங்கவே இல்லை. பெரியவள் வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு எழுவதற்குள் “என்ன அத்தை”, “இருக்கு அத்தை” என்று பேச ஆரம்பித்துவிட்டாள். நாத்தனாரின் முகம் மலர்ந்துபோயிற்று.

ஜன்னல் ஓரமாக ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். பெரியவளுக்காகவே வாங்கியது என்று சொல்லாமலே தெரிந்தது. மேஜைக் கால் அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே அறை. அரிசி டிரம்மின் மூடிதான் அவள் வீட்டுப்பாடம் எழுதும் மேஜை. சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பாள். இங்கே ஒரு மணி நேரம் யாரும் எழுப்பாமல் உட்கார்ந்து படம் வரைந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்தானையில் முடிந்து வந்த பதில் கொஞ்சம் தளர்ந்தது. அதை மறைப்பதில் என்ன இருக்கிறது.

நாலு மணிக்குச் சாந்தோம் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கடற்கரைக்குப் போனோம். கட்டுமரங்களும் வலைக்குவியலுமாகக் கிடந்தது. எங்கள் ஊர்க் கடல்தான், கப்பல்தான் இல்லை. “தண்ணி கிட்ட போவக் கூடாது. தம்பிங்க கைய வுடாத. சங்கு ஊதுனதும் ஓடியாந்துடணும்” என்று பெரியவளிடம் சொல்லி அனுப்பினேன். கிளிஞ்சல் பொறுக்க மூன்றும் ஓடின. நாங்கள் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தோம்.

நாத்தனார் கெஞ்சவில்லை. அதுதான் என்னைச் சாய்த்தது. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீயைப் பார்த்துப் பேசியது, மாடிவீட்டில் பெரியவள் வயதில் ஒரு பெண் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை தோறும் ராயபுரத்துக்கு அழைத்து வருவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். “யோசிக்கிறேன் அண்ணி” என்றேன். தரமாட்டேன் என்று வந்தவள் யோசிக்கிறேன் என்றால் பாதி கொடுத்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பேச்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது சாலையில் விளக்குப் போட்டிருந்தார்கள். கட்டுமரங்கள் பக்கம் யாருமே இல்லை.

எழுந்து ஓடினேன். ஒரு கட்டுமரம், அடுத்தது, அதற்கடுத்தது. பிள்ளைகள் இல்லை. கத்தினேன், அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடல் என்றால் எனக்குப் பயமே கிடையாது, அதன் மடியில் பிறந்தவள். அன்றைக்கு அதைத் திரும்பிப் பார்க்காமலே ஓடினேன். நாத்தனார் செருப்பை விட்டுவிட்டு, கஞ்சி போட்ட புடவையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரின் கையைப் பிடித்து உலுக்கி, “நைனா, எம் புள்ளைங்கள பாத்தியா? ஒரு பொண்ணு, ரெண்டு பையனுங்க. எம் புள்ளைங்க நைனா!” என்று அலறினாள். பதினைந்து வருஷமாக எங்கே வைத்திருந்தாளோ, அத்தனையும் அந்த ஒரு மூச்சில் வந்துவிட்டது.

“அத்தோ, அந்த வலைக்குப் பின்னால ஒரு பொண்ணு ரெண்டு பசங்கள புடிச்சிகினு குந்திகினு கீது. ரொம்ப நேரமா கீது” என்றார் அவர்.

ஆள் உயரத்துக்குக் குவித்திருந்த வலைக்குப் பின்னால் மூன்று பேரும் இருந்தார்கள். பெரியவள் நடுவில். இரண்டு கையாலும் இரண்டு தம்பிகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கடைக்குட்டி அழுது ஓய்ந்து அவள் தோளில் சாய்ந்திருந்தான். என்னைக் கண்டதும் நடுப்பையன், “அப்பவே போலாம்னு சொன்னேம்மா. இதான் வுடல” என்று புகார் சொன்னான்.

அடிக்கக் கை ஓங்கினேன். “ஏண்டி வரல? இருட்டினது தெரியல?”

பெரியவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். “சங்கு இன்னும் ஊதலியேம்மா” என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் கிடையாது. ஆலைச் சங்குதான். எட்டு மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. ஐந்து மணிச் சங்கு ஊதினால் எந்த விளையாட்டும் அந்த நிமிஷமே கலையும். ஓடிவராதவன் முதுகு வீங்கும். அது ஊதாத ஊரும் உலகத்தில் உண்டு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளை விடுங்கள், எனக்கே அந்த ஞாபகம் இல்லை. நானும் அது ஊதும் என்று நம்பித்தான் பேச்சில் மூழ்கிக் கிடந்தேன்.

நாத்தனார் மணலில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை; இரண்டும்தான். “இங்க ஏதுடி சங்கு? கண்ணாலம் கட்டிகினு வந்த புதுசுல நானும் பன்னெண்டு மணி சங்குக்குக் காத்துகினு ஒல வெக்காம குந்தியிருந்தேண்டி. உங்க மாமா பசியோட வந்து நிக்கிறாரு, அடுப்பே மூட்டல நானு” என்றாள். மூன்று பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் அவள்மேல் இருந்த கோபம் எல்லாம் எனக்குப் போய்விட்டது.

ஆனால் அதே நிமிஷத்தில்தான் என் பதிலும் மறுபடி இறுகியது. தம்பி கெஞ்சுகிறான், குட்டி அழுகிறது, இருட்டுகிறது. என் ஒரு சொல்லுக்காக அத்தனையையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது ஒரு பிள்ளை. அதைக் கையைப் பிடித்து இன்னொரு வீட்டில் விட்டுவிட்டு வர என்னால் ஆகாது. மேஜை இல்லாவிட்டால் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து வந்ததும் சமையலறையில் வைத்துச் சொன்னேன். “அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. என்னால முடியாது.” அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய் நீலத் துணி ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். கான்வென்ட் பாவாடைக்கு வாங்கி வைத்தது. “உங்க பள்ளிக்கூடத்துலயும் நீலந்தானே. தைச்சுப் போடு” என்றாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பஸ் நிறுத்தம்வரை வந்து, பஸ் திரும்பும்வரை நின்றிருந்தாள்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்குப்படி, திரும்பும் வழியில் செத்த காலேஜையும் காட்டினேன். திமிங்கில எலும்பைப் பார்த்து நடுப்பையன், “இத்த எங்கப்பா வின்ச்சுல ஒரே தூக்கா தூக்கிடும்” என்று காவலாளியிடம் பீற்றிக்கொண்டான். பெரியவள் எதையும் படிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

பாரிமுனையில் பஸ் மாறி உட்கார்ந்தபோது கேட்டாள். “அத்தை என்னை அங்க இருக்கச் சொல்லிக் கேட்டாங்கதானே?” வீட்டில் நாங்கள் பேசியதையெல்லாம் காதில் வாங்கியிருக்கிறாள்.

“ஆமா.”

“நீ இன்னா சொன்னே?”

“முடியாதுன்னு சொன்னேன்” என்றேன். கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துறைமுகத்துக் கிரேன்கள் தெரிய ஆரம்பித்தன. “இருந்திருப்பேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து உங்கள பாத்துட்டுப் போவேன்ல. பஸ் கீதே” என்றாள். கோபமில்லை, அழுகையில்லை, வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளைத் திரும்பக் கூட்டி வந்தது சரி என்று இன்றைக்கும் யாரிடமும் சொல்வேன். அவளும் எங்கள் தெருப் பள்ளியிலேயே படித்து நன்றாகத்தான் வந்தாள். ஆனால் அந்த இரண்டு நாளும் நாத்தனாரிடம் பேசினேன், எனக்குள்ளேயே பேசிக்கொண்டேன், பெரியவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்கவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவள் என்ன சொல்லுவாள் என்று, அந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த அவள் முதுகைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.