பெட்ரோல் முள்ளும் முதல் விதையும்

மலையில் அந்த நாளில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதைக் கார் என்று சொன்னவனும் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது ஆமை. உருண்ட முதுகும் சின்ன முகமுமாக, ஐம்பதுகளில் கப்பலேறி வந்த இங்கிலீஷ் வண்டி. எழுபதுகளின் கடைசியில் புதூர்நாட்டுப் பக்கம் மாட்டு டாக்டராக மாற்றலாகி வந்தபோது, வேலூரில் ஒரு வக்கீல் வீட்டுப் பின்கட்டில் கோழி அடைந்து கிடந்த அதை வாங்கி, பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் மேலே கொண்டுவந்து சேர்த்தேன்.

நான் குடியிருந்தது ஒரு விவசாயியின் வீட்டு முன்பாதியில். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை டாக்டரே என்பார். கார் நிறுத்தத் தன் மாட்டுக் கொட்டகையில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். ஊரில் அவருக்கென்று ஒரு மரியாதை உண்டு. மழை விழுந்ததும் சாமை விதைப்பில் முதல் பிடியை அவர்தான் போட வேண்டும். அவர் கை விழுந்த பிறகே மற்றவர்கள் தங்கள் நிலத்தில் விதைப்பார்கள். அவருடைய அப்பா போட்டார், அதற்கு முன் தாத்தா. அந்தக் கை சுத்தமான கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். களவு என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அந்த முதல் பிடி வேறு வீட்டுக்குப் போய்விடும். போனால் திரும்பாது.

கிணற்றில் அவர் ஓர் ஆயில் இன்ஜின் வைத்திருந்தார். மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் கிளப்புவதற்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்ற வேண்டும். அதற்காக ஒரு மருந்து பாட்டிலில் எப்போதும் பெட்ரோல் வைத்திருப்பார். இதை நான் பிறகு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

என் காரின் பெட்ரோல் டேங்க், டிக்கிக்கு அடியில் அகலவாட்டில் ஒரு தட்டையான டின்னைப் போலப் படுத்திருக்கும். அது துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. ஓட்டை விழும் இடத்திலெல்லாம் சலவை சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்துக்கொண்டு ஓட்டினேன். துணி துவைக்கும் சோப்பைவிட டேங்குக்குப் போகும் சோப்பு அதிகமானபோது, மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். திருப்பத்தூரில் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. வேறு ஏதோ வண்டியினுடையது, ஆனால் நீள அகலம் சரியாக இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். அளவு காட்டும் மிதவையை இறக்குகிற துளை என் பழைய டேங்கில் நடுவில் இருந்தது, இதில் வலது ஓரத்தில் இருந்தது.

"ஓட்ட எங்க இருந்தா இன்னா சார், உள்ள இருக்கறது ஒரே பெட்ரோல்தானே" என்றார் கடைக்காரர்.

எனக்கும் அது விஞ்ஞானமாகவே பட்டது.

மெக்கானிக் யாரையும் கூப்பிடவில்லை. பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்புகிறவனுக்கு ஒரு டின்னைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையா என்று நினைப்பு. மிச்சப் பெட்ரோலைப் பேசினில் வடித்தேன். துருவேறிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவிட்டுக் கழற்றினேன். புது டேங்கை ஏற்றி முறுக்கினேன். மிதவையும் புதிது. கம்பி நுனியில் ஒரு பித்தளைக் குமிழ், பெட்ரோலோடு ஏறி இறங்கும். அது ஏறி இறங்கினால் முன்னால் மீட்டரில் முள் ஏறி இறங்கும். அதை ஓரத் துளையில் இறக்கி, கார்க் வாசர் வைத்து, ஒயரை மாட்டி, பெட்ரோலை ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். வருடக்கணக்காகச் செத்துக் கிடந்த முள் எழுந்து பாதியில் நின்றது. வாசலில் ஒரு கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த முள்ளுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

மறுநாள் காலை கொட்டகைக்குள் போய்ச் சாவியைத் திருப்பினால் முள் கால் அளவில் நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மாலையில் வாசலில் நிறுத்திப் பார்த்தால் ஓர் அளவு, காலையில் கொட்டகையில் பார்த்தால் அதைவிடக் குறைவு. டேங்க் மூடியில் நூல் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்தேன். நூல் அப்படியே இருந்தது, முள் இறங்கியிருந்தது. திருடன் கெட்டிக்காரன் என்று முடிவு செய்தேன். மாலையில் வந்து பார்க்கும்போது காலையில் இருந்ததைவிடக் கூடுதலாகக் காட்டிய நாட்களும் உண்டு. நாளெல்லாம் ஓட்டியும் கூடுகிறதே என்று நான் யோசிக்கவில்லை. திருட்டைத் தேடிக்கொண்டிருந்ததால் குறைந்தது மட்டுமே கண்ணில் பட்டது. குச்சி விட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அந்த வண்டியில் பெட்ரோல் ஊற்றும் குழாய் வளைந்து போகும், குச்சி உள்ளே போகாது.

அண்ணாவிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்காமல் நாட்டாண்மையிடம் போனேன். "யாரையும் சொல்லலை. கொட்டகைல நிக்கிற வண்டில பெட்ரோல் குறையுது. அதை மட்டும்தான் சொல்றேன்" என்றேன். படித்தவன் பழி சொல்லும் முறை அது. மலையில் பெட்ரோல் தேவைப்படுகிற இன்னொரு ஆள் யார் என்று ஊருக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் அண்ணாவின் மனைவி என் வாசலுக்கு வந்து நின்றார்.

"டாக்டரே, எங்க வூட்டு மாடு பெட்ரோல் குடிக்குதானு கொஞ்சம் சோதிச்சு சொல்லுங்க. நீங்கதான் மாட்டு டாக்டராச்சே."

"அக்கா, நான் யாரையும்..."

"யாரையும் சொல்லல, தெரியும். ஊரு சொல்லுது. வெதக்கிற கைய மோந்து பாக்கறானுங்க."

உண்மைதான். டீக்கடையில் இரண்டு பேர் அவர் உள்ளங்கையை இழுத்து மோந்து பார்த்திருக்கிறார்கள். அது மண்ணெண்ணெய் வாடை அடித்திருக்கிறது. இன்ஜின் வைத்திருக்கிறவர் கை வேறு எந்த வாடை அடிக்கும்?

இதற்கிடையில் மழை பெய்துவிட்டது. நல்ல மழை. மண் இளகி ஏருக்குத் தயாராகக் கிடந்தது. ஆனால் கை சுத்தமா இல்லையா என்று தெரியாமல் முதல் பிடி விழாது, முதல் பிடி விழாமல் யாரும் விதைக்கமாட்டார்கள். ஒரு மீட்டர் முள்ளுக்காக ஒரு ஊரின் சாமை மூட்டைக்குள் காத்துக்கொண்டிருந்தது. பஞ்சாயத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் கொட்டகையில் ஒரு பசு ஈன்றது. அதற்காகக் காரை வெளியே எடுத்திருந்தேன். எல்லாம் முடிந்ததும் திரும்ப உள்ளே விட வேண்டும். இன்ஜின் சத்தத்துக்குக் கன்று மிரளும் என்று தள்ளியே விடுவதாக முடிவு. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து தள்ளியவர் அண்ணாதான். அவசியத்துக்கு மேல் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார், தள்ளுவதை நிறுத்தவில்லை. மீட்டரைப் பார்க்கிற பழக்கத்தில் சாவியைத் திருப்பி வைத்திருந்தேன். முற்றத்தில் முள் பாதியில் இருந்தது. சக்கரங்கள் கொட்டகைத் தரையில் ஏறின. முள் நிதானமாக, யாரும் தொடாமல், பாதியிலிருந்து காலுக்கு இறங்கியது.

அந்தத் தரை சரிவானது. தீவனத் தொட்டிப் பக்கம் உயரம், சாக்கடைப் பக்கம் தாழ்வு, மாட்டு மூத்திரம் தேங்காமல் ஓடுவதற்காக. கார் நிற்கும்போது அதன் வலது பக்கம் மேட்டில் இருக்கும். பெட்ரோல் இடப்பக்கம் ஓடிவிடும். வலது ஓரத்தில் இருக்கும் மிதவை இறங்கிவிடும். பழைய டேங்கில் மிதவை நடுவில் இருந்தது, எந்தச் சரிவும் அதை ஒன்றும் செய்திருக்காது. அந்தத் தரையைச் சரிவாகக் கல் பாவச் சொன்னதும் நான்தான். குளம்பு நோய் வராது என்று வந்த முதல் வருடமே அண்ணாவுக்கு யோசனை சொல்லியிருந்தேன்.

"போதுமா டாக்டரே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"போதும்ணா" என்றேன்.

அங்கே சொல்ல வேண்டிய வாக்கியம் சின்னதுதான். திருடு எதுவும் போகவில்லை, டேங்கைத் தப்பாக மாட்டிவிட்டேன். சொன்னால் மலை முழுக்கச் சிரிக்கும் என்று தோன்றியது. அதற்கு மேல் எந்தக் காரணமும் என்னிடம் இல்லை.

பஞ்சாயத்துக்குக் காரைக் கொண்டுவரச் சொன்னார்கள், சாட்சியாக. கோயில் மைதானம் சமதளம். அங்கே நிறுத்தினால் முள் பாதிக்கு ஏறிவிடும், களவு போன பெட்ரோல் திரும்பி வந்ததாகிவிடும். மைதானத்து ஓரத்தில் ஒரு பாறை மேடு இருந்தது. வலது சக்கரங்கள் இரண்டையும் அதன்மேல் ஏற்றி நிறுத்தினேன். ஏன் கோணலாக நிற்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, நிழலுக்காக என்றேன். தெரியாமல் செய்ததை எல்லாம் ஒருவாறு மன்னித்துக்கொள்ள முடிகிறது. இதை முடியவில்லை.

நாட்டாண்மை கதவு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். "இப்ப இன்னா சொல்லுது?"

"காலுங்க."

"எவ்ளோ இருக்கணும்?"

"பாதிங்க."

"முள்ளு பொய் சொல்லாதுனு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமாங்க."

அண்ணா எழுந்தார். "எனக்கு வேணும்னா நான் டாக்டர கேட்டு வாங்கிக்க மாட்டனா? கற்பூரம் கொண்டாங்க. சத்தியம் பண்றேன்."

எந்தப் பொருள் களவு போனதோ அதன்மேல் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். ஊரில் அதுதான் முறை. ஒருவர் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெட்ரோல் மூடியைத் தேடினார். நான் போட்ட கூச்சலில் அம்மன் கோயிலில் இருந்த ஆடுகள் கலைந்து ஓடின. பெட்ரோலுக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்தால் பஞ்சாயத்தே மிஞ்சாது என்று விளக்கினேன். சரி, தள்ளி வைக்கலாம் என்றார்கள். எவ்வளவு தூரம் என்று பேச்சு வந்தது. நான் சொன்ன தூரம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை.

"அவ்ளோ தொலைவு போனா சத்தியம் வண்டிய புடிக்குமா?" என்றார் நாட்டாண்மை.

கடைசியில் ஒரு மாட்டுக் கயிற்றின் ஒரு நுனியைக் காரின் பம்பரில் கட்டி, மறு நுனியைக் கற்பூரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணாவிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கயிறு வழியா போகுமா டாக்டரே? நீங்க படிச்சவரு."

"போகும்" என்றேன்.

"பிராது குடுத்தவரும் கயித்த புடிக்கணும். யாரு பொய்யோ அவுங்களத்தான் புடிக்கும்."

பம்பருக்குப் பக்கத்தில் நின்று நானும் பிடித்தேன். அண்ணா இடது கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையை விரித்துத் தூக்கினார். "டாக்டரு பெட்ரோல நான் தொட்டிருந்தா, இந்தக் கையால போட்ட வெத மொளைக்கக் கூடாது." கற்பூரத்தின்மேல் அடித்தார். கயிறு என் கைக்குள் ஒருமுறை அசைந்தது.

அமாவாசைவரை பொறுத்துப் பார்க்கலாம், யார் வீட்டில் கெட்டது நடக்கிறதோ அவர் பொய் என்று தீர்ப்பு. அதன்பிறகு என் உடல்நலத்தில் ஊருக்கு அப்படியோர் அக்கறை. இருமினால் எதிர்வீட்டுக்காரர் எழுந்து வந்து எப்போதிலிருந்து என்று விசாரிப்பார். அண்ணா வீட்டில் ஒரு சட்டி உடைந்ததற்கு, அது போன வருடமே விரிசல் விட்டது என்று அக்கா தெருவில் நின்று சாட்சி சேர்த்தார். மண்ணின் ஈரம் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டிருந்தது.

அமாவாசைக்குச் சற்று முன்பு ஒரு காலை கொட்டகையில் சாவியைத் திருப்பினேன். முள் அடிமட்டத்தில் கிடந்தது. சரிவுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். இந்த முறை அது உண்மையைச் சொல்லியிருந்தது. மலை இறக்கத்தில் கார் நின்றுவிட்டது. சந்தைக்குப் போகிற ஜீப் பின்னால் வந்து நின்றது. இறங்கிய இருபது பேரும் டேங்கைத் தட்டிப் பார்த்தார்கள். வெற்றுச் சத்தம் கேட்டது.

"அம்மா காட்டிட்டா" என்றார் ஒருவர். கெட்டது நடந்தது எனக்கு, அப்படியானால் பொய்யும் என்னுடையது. யாரும் மறுக்கவில்லை.

அண்ணா தன் ஜோடி மாடுகளை ஓட்டிவந்தார். பஞ்சாயத்தில் பிடித்த அதே கயிற்றால் ஆமையைக் கட்டி மேலே இழுத்தார். பிறகு தன் மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து அதிலிருந்த பெட்ரோலை என் டேங்கில் ஊற்றினார். எங்கள் இருவருக்கும் நடுவில் பெட்ரோல் கைமாறியது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் அவர் முதல் பிடி போட்டார். ஊர் விதைத்தது. ஆனால் மழை போய்விட்டிருந்தது. விதை காய்ந்த மண்ணில் கிடந்தது, முளைக்கவில்லை. தினமும் காலையில் அவர் வயலில் குந்தி விரலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பார். ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டார்.

"டாக்டரே, தூக்கத்துல நடக்கறவன் இருப்பானாமே. நான் அப்பிடி எந்திரிச்சி வந்து எடுத்திருப்பனா? எனக்கே தெரியாம?"

"இல்லணா."

"வெத மொளைக்கலையே."

"மழை வரும்ணா. வந்தா முளைக்கும்."

அவர் நம்பும்படியாக என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் மழையைச் சொன்னேன்.

மழை வந்தது. சாமை முளைத்தது, கொஞ்சம் பிந்தி, அங்கங்கே இடைவெளியோடு. கார் நிற்கும் மூலையை மட்டம் செய்யும்படி அவரிடம் ஏதோ ஒரு சாக்குச் சொன்னேன். மட்டம் செய்தார். முள் இறங்குவது நின்றது, அதுவும் அம்மன் கணக்கில் சேர்ந்தது. அந்த மூலையில் மூத்திரம் தேங்கி இரண்டு மாடுகளுக்குக் குளம்பு நோய் வந்தது. மருந்து போட்டு நானே சரிசெய்தேன். எவ்வளவு நல்ல மனசு என்றார் அக்கா.

மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு வருடமும் முதல் விதைப்பைப் பார்த்தேன். முதல் பிடி அவரிடமே இருந்தது. கூடைக்குள் கையை விடுவதற்கு முன்னால், அவர் தன் உள்ளங்கையை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் அதைச் சடங்கில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். பிறகு குனிந்து விதையை அள்ளுவார். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.