தண்ணீர் பாட்டில் சொன்ன சாட்சி

போன வாரம் எங்கள் விவாகரத்து ஒரு தண்ணீர் பாட்டிலால் நின்றுபோகப் பார்த்தது.

சிரிக்காதீர்கள். நிஜம்.

குடும்ப நீதிமன்றத்தில் அன்று எங்களுக்குக் கடைசி விசாரணை. நீதிபதியின் முன் நிற்பதற்கு முன்னால், கவுன்சலிங் அறையில் ஒருமுறை உட்கார்ந்து எழ வேண்டும். நானும் சேகரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஃபேன் சுற்றச் சுற்றப் பழைய ஃபைல்களின் தூசி. எனக்கு இருமல் வந்தது. சேகர் — இருபத்து மூன்று வருடக் கணவர், இன்னும் சற்று நேரத்தில் முன்னாள் — என் பையை இழுத்து, பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி என் கையில் கொடுத்தார். பேசிக்கொண்டிருந்த பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

கவுன்சலிங் மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த ஜிப்புல தண்ணி இருக்குன்னு கரெக்டா தெரியுதே சார் உங்களுக்கு!"

அவ்வளவுதான். சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதிவிட்டார்.

தண்ணீர் குடித்தது ஒரு குற்றமா?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் என் வீட்டுக் கதவை இங்கே திறப்பதில்லை. இந்த வாரம் திறக்கிறேன். நான் சொல்லாததால் எங்கள் பேட்டையான ஆஸ்டின் டவுன் தன் பாட்டுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையில் சேகர் குடிக்கிறார். அல்லது எனக்கு யாரோ இருக்கிறார்கள். ஆள் பார்த்து, நேரம் பார்த்து, கதை மாறுகிறது...

நடந்தது இவ்வளவுதான். எங்கள் கல்யாணம் வற்றிப்போனது. ஏரி வற்றுகிற மாதிரி. இந்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் திரும்பிப் பார்த்தால் தண்ணீர் இருந்த இடத்தில் யாரோ பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருப்பார்கள். கடைசி சில வருடங்களில் எங்கள் வீட்டில் அதிகம் பேசியது ஃபிரிட்ஜ்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன். "சேகர், நாம பிரிஞ்சிடலாமா?"

அவர் டிவியை அணைத்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எனக்காக அணைந்த டிவி! "நானே கேக்கணும்னு இருந்தேன் புவனா" என்றார். அன்று பொழுது சாயும்வரை பேசினோம். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை. அடுத்த மாதம் அவர் நீலசந்திராவில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனார். சட்டம் கேட்கிறபடி ஒரு வருடம் தனித்தனியே இருந்தோம்.

வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. வக்கீல்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சண்டை இருக்கிறவர்களுக்கு வக்கீல் வேண்டும். அடி வாங்கியவளுக்குக் கட்டாயம் வேண்டும். எங்களிடம் சண்டையும் இல்லை, பிரித்துக்கொள்ளச் சொத்தும் இல்லை. மகள் வளர்ந்து வேலைக்குப் போகிறாள். குடும்ப நீதிமன்றத்தில் நாமே நேரில் நின்று பேசலாம் என்று சட்டமே வழி விட்டிருக்கிறது. அப்புறம் என்ன?

அப்புறம்தான் என் அண்ணன். மர்பி டவுனிலிருந்து புல்லட்டில் வந்து இறங்கினார்.

"வக்கீல் இல்லாம கோர்ட்டா? இன்னாமா பேசற நீ? எனக்குத் தெரிஞ்ச லாயர் கீறாரு. ஒரே ஒரு கேஸ் போட்டாருன்னா அவன் பேஜாராயிடுவான்."

"அவரு எதுக்குண்ணே பேஜாராகணும்?"

"பின்ன, டைவர்ஸ்னா இன்னா? கும்புட்டுட்டா போவாங்க?"

ஏன், கும்பிட்டுவிட்டுப் போனால் என்ன?

அந்தப் பக்கம் சேகரின் அக்காமார், மனு போட்ட பிறகும் விடவில்லை. "அவ எதையோ மனசுல வெச்சிக்கினுதான் நல்லா பேசறா. போட்ட கையெழுத்த வாபஸ் வாங்குடா." தீர்ப்பு வருகிறவரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் மனு டைப் செய்கிறவர் தமிழர். கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டார். "இன்னா காரணம் மேடம்? குடியா, அடியா?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்ப டைப் பண்றதுக்கு இன்னா கீது?"

சேகர் வெடித்துச் சிரித்தார். எனக்கு முதல் மனுதாரராக இருக்க ஆசை. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் முன்னால் இருந்தது, ஆகவே இதில் நான் முன்னால் என்றேன். "தாராளமா போ, நான் பின்னாலயே வர்றேன்" என்றார். மனுவில் நாங்கள் ஒன்று, இரண்டு. எதிர்மனுதாரர் என்று ஒருவர் கிடையாது. அந்தக் காகிதத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

கவுன்ட்டரில் கன்னடத்தில் கேட்டார்கள்: "லாயர் எல்லம்மா?" வக்கீல் எங்கேம்மா?

"லாயர் இல்ல சார். நாவே பந்தித்தீவி." நாங்களேதான் வந்திருக்கிறோம்.

அந்த மனிதர் கண்ணாடியை இறக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டு விலாசம் தொலைத்த இரண்டு பேரைப் பார்க்கிற மாதிரி.

அப்படியெல்லாம் வந்த மனுதான், பல மாதம் காத்திருந்து, கடைசி நாளன்று ஒரு பாட்டிலில் தடுக்கியது.

கவுன்சலிங் அறையிலிருந்து வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். மகளுடைய வழக்குக்காக வந்திருந்த ஒரு அம்மா எங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எம்மா, காலையிலர்ந்து பார்த்துக்கினே இருக்கேன். நீங்க இப்படிச் சிரிச்சிக்கினு இருந்தா எவன் டைவர்ஸ் குடுப்பான்? உள்ள போயி நாலு வார்த்த திட்டு. அவரு முறைக்கட்டும். நீ கண்ணக் கசக்கு. பட்டுனு முடிஞ்சிடும்."

சேகர் என் பக்கம் குனிந்தார். "செய்யலாமா? நான் வேணா உன் சாம்பார்லர்ந்து ஆரம்பிக்கிறேன்."

"சாம்பாரத் தொட்டீங்கன்னா நிஜமாவே சண்டை வரும்."

மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. இன்னொரு தேதி கொடுத்தால் இன்னும் சில மாதங்கள். அந்த மாதங்களில் என் அண்ணனும் அவர் அக்காமாரும் சும்மா இருப்பார்களா?

"அக்கா நேத்தும் போன் பண்ணாங்க" என்றார் சேகர், தரையைப் பார்த்துக்கொண்டு. "எவ்ளோ நாள் தாங்குவேன்னு எனக்கே தெரியல புவனா."

எனக்குப் புரிந்தது. எங்கள் கல்யாணம் எப்போதோ போய்விட்டது. இப்போது போகவிருந்தது அதற்குப் பிறகு கிடைத்த இந்த நல்ல மனிதர். அவரை ஊர் ஒரு வில்லனாக்கி என்னிடம் திருப்பிக் கொடுக்கும். என்னையும் வில்லியாக்கி அவரிடம்.

"நான் பொய்ச் சண்டை போட மாட்டேன்" என்றேன்.

"நானும்தான்."

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி ஒரு பெண்மணி. குறிப்பைப் படித்தார். எங்களைப் பார்த்தார். "சென்னாகே இத்தீரல்லா, மத்யாக்கம்மா?" நன்றாகத்தானே இருக்கிறீர்கள், பிறகு ஏன்?

கன்னடத்தில்தான் சொன்னேன். தமிழில் இப்படி வரும்:

"மேடம், ஒரே வீட்ல இருந்தப்போ நான் இருமினா இவரு டிவி சவுண்ட ஏத்துவாரு. இவரு போன் பேசினா நான் மிக்ஸியப் போடுவேன். இப்போ இருமினா தண்ணி எடுத்துக் கொடுக்கிறாரு. நடுவுல ஒண்ணுதான் நடந்தது. பிரியறதுன்னு முடிவு பண்ணோம். திரும்பச் சேர்த்து வெச்சீங்கன்னா அந்த டிவி திரும்பக் கத்தும். தண்ணி கொடுத்தத எங்களுக்கு எதிரா எடுத்துக்காதீங்க."

கோர்ட் ஹாலில் யாரோ செருமினார்கள்.

நீதிபதி சேகரைப் பார்த்தார். "நிஜவா?"

"ஹவுது மேடம்" என்று ஆமோதித்தார் சேகர். "வால்யூம் ரொம்ப ஜாஸ்தி. நானும் யோசிச்சுத்தான் வந்திருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. நீதிபதிகள் சிரிப்பதில்லை. ஆனால் குனிந்து ஏதோ தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் ஃபைலுக்குள்ளேயே இருந்தார். நிமிர்ந்து, யாராவது வற்புறுத்தினார்களா என்று இருவரையும் தனித்தனியே கேட்டார். பிறகு டைப்பிஸ்டிடம் சொல்ல ஆரம்பித்தார். மனு ஏற்கப்பட்டது.

எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. நம் ஊரில் சேர்ந்திருக்கிறவர்கள் சிரிக்காவிட்டால் யாரும் கேட்பதில்லை. வருடக்கணக்கில் சிரிக்காமல் இருக்கலாம், அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். பிரிகிறவர்கள் சிரித்துவிட்டால் மட்டும் உடனே விசாரணை!

படியிறங்கும்போது சேகர் பாட்டிலை அதே ஜிப்பில் வைத்து மூடினார். "இருமலுக்கு டாக்டரப் பாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நான் ஆட்டோவுக்குக் கை காட்டினேன். கண் கலங்கியதா என்று கேட்பீர்கள். கலங்கியது. அதில் வருத்தம் பாதி, மீதி வெளிக்காற்று.

ஆட்டோ ரிச்மண்ட் சர்க்கிளில் நிற்கும்போது அண்ணனிடமிருந்து போன்.

"முடிஞ்சிதா? யாரு ஜெயிச்சது?"

"ஜெயிக்கிறதுக்கு இதுல எதிரியே இல்லண்ணே. நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம்."

நிஜமான குழப்பத்தோடு கேட்டார். "அதெப்படிம்மா? எதிரி இல்லாம ஒரு கேஸா?"

எதிரிகள் இருந்தார்கள் அண்ணே... கோர்ட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.