பாதி முகம் சிரித்த திங்கட்கிழமை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம், கார்த்திகை மாதம். மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு தெருவில் குடியிருந்தோம். மழை விட்டும் விடாமல் நசநசத்துக்கொண்டிருந்தது. தெருவெங்கும் இன்ஃப்ளூயன்ஸா ஜுரம். எந்த ஜன்னலைத் தாண்டினாலும் இருமல்; ஒரு வீடு ஓய்ந்தால் அடுத்த வீடு தொடங்கும். எங்கள் வீட்டில் என் கணவர் படுத்திருந்தார்.

திங்கட்கிழமைகளில் அவருக்கு மௌன விரதம். அந்த நாளில் ஊரில் பலருக்கு இருந்த பழக்கம்தான். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். உடம்பு கொதிக்கிறபோது விரதம் எதற்கு என்று ஞாயிறன்றே சண்டை போட்டேன்.

"ஒரு நாள் உன்னோட பேசாம இருந்தா ஜுரம் தானா இறங்கிடும்" என்றார்.

மறுநாள் காலை எழுப்பினேன். கண்ணைத் திறந்தார், பேசவில்லை. விரதம். சிலேட்டை நீட்டினேன், வாங்கவில்லை. களைப்பு. கஞ்சி வேணுமா என்றேன், உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம். ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்குப் போனேன், வந்தேன். ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். வீட்டுக்குள் யாரோ அலைகிற மாதிரி இருந்தது, அலைந்தது நான்தான்.

கஞ்சியை ஆற்றி டம்ளரில் எடுத்துவந்து, புகட்டிவிடலாம் என்று அவர் தலையைத் தூக்கிப் பிடித்தேன். அந்த நேரம் பக்கத்து போர்ஷன் மாமா எட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை வந்தால் என் கணவரைச் சிரிக்கவைத்து விரதத்தைக் கலைக்கப் பார்ப்பது மாமாவுக்குப் பொழுதுபோக்கு.

"என்ன ஓய், ஜுரத்துலயும் மௌனமா? எமன் வந்து பேர் கேட்டாலும் எழுதித்தான் காட்டுவீரோ?"

என் கணவர் சிரித்தார். இடது கன்னம் மட்டும் சிரித்தது. வலது பக்கம் வேறு யாருடைய முகமோ போலச் சும்மா கிடந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது.

"ஏன்னா, வலது கையைத் தூக்குங்கோ."

அவருக்குக் கேட்டது. கைக்குக் கேட்கவில்லை.

"டம்ளரைக் கீழ வைம்மா!" என்று கத்திவிட்டு, குடைகூட எடுக்காமல் மாமா தெருவுக்கு ஓடினார்.

ரிக்‌ஷா வந்தது. முழங்கால் தண்ணீரில் இழுத்துக்கொண்டே ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரே பக்கமா சாஞ்சிகினு வர்றாரு? கெட்டியா புடிச்சிக்கோ. பேச்சு குடுத்துகினே வா."

"அவரால பேச முடியலைப்பா."

"அவரு பேசாட்டி இன்னா, நீ பேசு!"

பேசினேன். மழையைப் பற்றி, உளுந்து விலையைப் பற்றி, பிறக்காத பிள்ளைக்கு வைக்க நினைத்த பெயரைப் பற்றி. நிறுத்தினால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டையைச் சோதித்தார். இந்த ஜுரம் அபூர்வமாகச் சிலருக்கு ரத்தத்தை உறையவைத்து, மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிடும், இது பாரிசவாயு என்றார்.

"முழுங்கற சக்தியும் குறைஞ்சிருக்கு. வாயில ஏதாவது விட்டேளா?"

"இல்லை."

"நல்ல வேளை. நேரா நுரையீரலுக்குப் போயிருக்கும். அது ஏற்கெனவே சளி கட்டிக் கிடக்கு. உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்."

மாமா அந்த நேரம் எட்டிப் பார்த்திராவிட்டால், அந்த டம்ளரை நானே அவர் வாயில் சாய்த்திருப்பேன்.

பிழைத்தார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, வரிசை தப்பி, இடம் மாறி. தண்ணீரை மழை என்பார், மழையைத் தண்ணீர் என்பார். எனக்குப் புரிந்தது, போதாதா?

வீட்டில் யாராவது பேசாமல் இருந்தால், அதற்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட இன்றுவரை என்னால் முடிவதில்லை. கிட்டே போய், முகத்தை என் பக்கம் திருப்பி, ஒரு சொல்லாவது வரும்வரை கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.