கை காட்டிய பிறகே வண்டி நகரும்

அப்பாவின் இந்த நினைவு மலரின் அட்டைக்கு ஒரு படம் தேடி நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. அப்பா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் கிடைக்கவில்லை. என் கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் நாற்காலியில் இருக்க, அவர் மட்டும் ஓரமாக நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதிப் படங்களில் முகமே மங்கலாக இருக்கிறது. படம் எடுப்பவர் பொத்தானை அமுக்குவதற்குள் அவர் நகர்ந்திருப்பார். கடைசியில் நின்றபடி இருக்கும் ஒன்றையே போட்டிருக்கிறோம். எங்கேயோ கிளம்புகிற மாதிரி இருக்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றினால், சரிதான், எங்கள் அப்பா அப்படித்தான் இருந்தார்.

அப்பா செய்யூர் பக்கத்தில் வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தாத்தா காலமானபோது அவர் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார். சித்தப்பாவுக்கு அப்போது பால் பற்கள்கூட விழவில்லை. நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு, பகலில் மதுராந்தகத்தில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினார். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினார். ரயில்வே தேர்வு எழுதி, கூட்ஸ் வண்டியில் கார்டாகச் சேர்ந்தார். அந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை அவருடைய இடம் வண்டியின் கடைசிப் பெட்டிதான். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் மின்விசிறியும் கிடையாது, பேச்சுத் துணையும் கிடையாது. எங்காவது பக்கத்துத் தண்டவாளத்தில் ஓரங்கட்டி மணிக்கணக்கில் போட்டுவிடுவார்கள். அம்மா கட்டிக்கொடுத்த சோறு கெட்டுப்போய், பட்டினியாக வீடு வந்த நாட்கள் உண்டு. அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னவர் இல்லை. பிற்பாடு கடற்கரை–செங்கல்பட்டு லோக்கலுக்கு மாற்றினார்கள். கொளவாய் ஏரிக்கு அந்தண்டை, மொட்டைமாடியில் நின்றால் தண்டவாளம் தெரிகிற மாதிரி வீடு கட்டினார். மனை வாங்குகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். இவர் கம்பத்தில் ஏறி நின்று சிக்னல் தெரிகிறதா என்று பார்த்தாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ரயில் வேலை தெரியாத உறவினர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி நிற்காமல் ஒரு ஸ்டேஷனைக் கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு நிற்பார். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டும் பச்சைக் கொடி காட்ட வேண்டும். ஆல்ரைட் கொடுப்பது என்று இதற்குப் பெயர். கார்டு கொடுக்கவில்லை என்றால் வண்டியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். உடனே அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போகும். அங்கே நிறுத்திப் பார்ப்பார்கள்.

அப்பா இதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். நான் பள்ளிக்குக் கிளம்பினால் தெருமுனையில் திரும்பிக் கையைத் தூக்க வேண்டும். வாசலில் நிற்கும் அவரும் தூக்குவார். ஒருநாள் தோழிகளோடு பேசிக்கொண்டே போனதில் மறந்துவிட்டேன். பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, வகுப்பு வாசலில் மூச்சு வாங்க நின்றார். "ஏம்மா கை காட்டல? இன்னா ஆச்சு?" என்றார், கணக்கு டீச்சர் முன்னால். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் யாராவது என்னைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

லீவு நாளில் மாமல்லபுரம் கூட்டிப்போவார். நாங்கள் மணலில் உட்கார்ந்து மாங்காய் தின்போம், அம்மா அலையில் கால் நனைப்பார். அப்பா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, திரும்பிப் போகும் பஸ் எப்போது என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பார். "வந்ததே இப்பத்தான், அதுக்குள்ள போற பஸ்ஸாங்க?" என்று அம்மா கேட்டால், "தெரிஞ்சி வெச்சிக்கினா நல்லதுதானே" என்பார்.

பணி ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, மேளம் வைத்து, வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலையிலேயே குளித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். போன வேகத்தில் முகம் வாடித் திரும்பி வந்தார். "எல்லாரும் உக்காருங்க சார், உக்காருங்க சார்ன்றானுங்க. உக்காரவா நான் போனேன்?" என்று அம்மாவிடம் பொரிந்து தள்ளினார். ஓய்வுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய ஊர்கள் என்று அம்மா நிறைய மனதில் வைத்திருந்தார். ஆனால் ஒரு வருஷம் முடிவதற்குள் நோய் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. அம்மாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரையை என்னால் முடிக்க முடியாது. அதனால் இத்தோடு விடுகிறேன்.

அப்பா தனியானார். நான் சிட்னியில், கணவரோடும் வேலையோடும். செங்கல்பட்டில் எங்கள் தெருவிலேயே, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்த ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து, யாருக்கும் தெரியாமல் கிடந்து இறந்துபோனார். பால்காரர் சொல்லித்தான் கதவை உடைத்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. என் அப்பா அப்படிக் கிடக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். சண்டை போட்டு, அழுது, விசா எடுத்து, இனிமேல் இங்கேதான் என்று சொல்லி அழைத்துக்கொண்டுபோனேன். சித்தப்பாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தபோது அப்பா, "மோட்டார அப்பப்ப ஓட்டிவிடு, துரு புடிச்சிடும்" என்று மட்டும் சொன்னாராம்.

சிட்னிக்கு வந்த புதிதில் நடந்துகொண்டே இருந்தார். எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையம் உண்டு. ஒருநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "அம்மாடி, இங்கயும் கார்டு கீறாரும்மா! பொட்டிலேர்ந்து எட்டிப் பாத்துட்டுத்தான் கதவ மூட்றாரு!" என்றார். அம்மா போன பிறகு அந்த உற்சாகக் குரலை நான் கேட்டதில்லை. மறுநாளிலிருந்து தினமும் போனார். சமையலறையில் இருந்த பச்சைத் துண்டு ஒன்று காணாமல் போனதை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் ரயில் நிலையத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. வயதான ஒருவர் நடைமேடையில் நின்று வண்டிகளுக்குப் பச்சைத் துணி காட்டுகிறார், உங்கள் எண்ணைக் கொடுத்தார் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

கூட்டிக்கொண்டு வரும்போது அப்பாவுக்குக் கோபமே இல்லை. "துணி காட்டக் கூடாதாம்மா. டிரைவர் கொழம்பிடுவாராம். நாயந்தான். நானே டூட்டில இருந்து இப்புடி ஒருத்தரப் பாத்திருந்தா வுட்டிருக்க மாட்டேன்" என்றார். துண்டைத் துவைத்து மடித்துப் பழைய இடத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு உட்கார்ந்துவிட்டார். வேலையிலிருந்து வந்து பார்த்தால், காலையில் எந்த இடத்தில் இருந்தாரோ அதே சோபாவில் இருப்பார். டிவியும் ஓடாது. என் கணவர், "பரவாயில்ல, மாமா செட்டில் ஆயிட்டாரு" என்றார். அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்போது ஒரு படம் எடுத்திருக்கலாம். எடுக்கத் தோன்றவில்லை.

"நான் வூட்டுக்குப் போறேம்மா" என்றார் ஒருநாள், டீ குடிக்கும்போது.

"அங்க யாருப்பா இருக்காங்க?"

"தம்பி கீறான். தண்டவாளம் கீது."

"நீங்க பாட்டுக்கு விழுந்துட்டா?"

"எழுந்துக்கிறேன்."

"எழுந்துக்க முடியலன்னா? அந்தப் பெரியவர் மாதிரி ஆயிட்டா நான் இன்னா பண்றது?" கத்திவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, டூட்டியில் பேசுகிற குரலில் சொன்னார்: "தெனம் காலைல போன்ல கை காட்டறேன். நீயும் காட்டு. நான் காட்டலன்னா அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் பண்ணு."

"அடுத்த ஸ்டேஷன் எது?"

"உங்க சித்தப்பன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விமான நிலையத்தில் உள்ளே போகுமுன் திரும்பி நின்று கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அதன் பிறகுதான் நகர்ந்தார்.

அப்படித்தான் நடந்தது. அவருடைய காலை, எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். போன் வரும், திரையில் ஒரு கை, நான் கையைத் தூக்குவேன், கட். பேச்சு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டு தெரு தள்ளிப் பஞ்சர் கடை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "உங்க ரெண்டு பேரால பெரிய பேஜாரும்மா. பேசறதுன்னா பேசுங்க. இன்னாத்துக்குக் கையக் கையக் காட்டிகினு?" என்று திட்டுவார். அப்பாவோ மறுபடியும் பழைய அப்பாவாகிவிட்டார். கிருத்திகைக்குத் திருப்போரூர், கல்யாணத்துக்குக் கருங்குழி, சாவுக்கு எந்த ஊரானாலும் முதல் ஆளாக அங்கே. உங்களில் எத்தனையோ பேரை ஸ்டேஷனுக்கு வந்து வண்டி ஏற்றிவிட்டு, கடைசிப் பெட்டி மறையும்வரை நின்றிருக்கிறார். உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் இதே மாதத்தில் ஒருநாள், போன் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நானே அடித்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "கை காட்டல சித்தப்பா" என்றுதான் சொல்ல முடிந்தது. டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கதவு உள்தாழ் போட்டிருந்தது. முழங்கால் வலியால் படியேறவே திணறுகிற மனிதர், சுற்றுச்சுவரை ஏறிக் குதித்திருக்கிறார். கொல்லையில் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் அப்பா விழுந்து கிடந்தார். உயிர் இருந்தது.

நான் விமானத்தில் இருந்தபோது, அன்று சாயங்காலம், அப்பா போய்விட்டார். அது தெரியாமல் நான் இருக்கைகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தேன். பணிப்பெண் வந்து உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் முடியவில்லை. எங்கள் அப்பாவின் பெண் நான்.

அஸ்தி கரைக்க மாமல்லபுரம் போனோம். ஈர வேட்டியோடு கரையேறிய சித்தப்பா, என் பக்கத்தில் நிற்க மாட்டாமல் கொஞ்ச தூரம் போனார், வந்தார், மறுபடியும் போனார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆஸ்பத்திரில ஒரு தபா கண்ணத் தொறந்தாரும்மா. பேச்சு வர்ல. கைய மட்டும் தூக்கினாரு. உனக்குத்தான் காட்டுனாரு. நீ இல்ல. நான் காட்டிட்டேன்."

அலை சத்தத்தில் அவர் அழுததை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்டேன். இத்தனை நாள் தாங்கிய அந்தப் பயம் அன்றைக்குத்தான் என்னை விட்டது. அப்பா தனியாகக் கிடக்கவில்லை.

அன்று வண்டியை நடுரோட்டில் திருப்பிக்கொண்டு வந்து அப்பாவை ஏற்றிப்போன ஆட்டோ ஓட்டுநருக்கும், தங்கள் வீட்டு மனிதரைப்போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், டூட்டி உடையிலேயே ஓடிவந்து தோள் கொடுத்த ரயில்வே நண்பர்களுக்கும், அந்தப் பதினாறு நாளும் சாப்பாடு கொண்டுவந்து எங்கள் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட தெருவாசிகளுக்கும், வருஷம் முழுக்க மாதம் தவறாமல் படையல் போட்ட சித்திக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நன்றி என்று எழுதினால் தீராது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காரியம் முடிந்து சிட்னி திரும்பினேன். வேலைக்குப் போன முதல் நாள், சாப்பாட்டு நேரத்தில், அப்பாவின் நேரத்தில், போன் அடித்தது. எடுத்தேன். திரை முழுக்கக் கிரீஸ் அப்பிய ஒரு கை. நான் பார்த்தது பார்த்தபடி இருந்தேன்.

"இன்னா பாத்துகினு கீற? டூட்டிய எனுக்குக் குடுத்துட்டுப் பூட்டாரு உங்கப்பன். கஸ்டமர் நிக்கறாரு, வண்டி போவணும், கையக் காட்டு" என்றார் சித்தப்பா.

காட்டினேன்.