புகார்க் கடிதத்தைத் தொடரலாமா?

1. திரையில் வந்த கேள்வி

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பதினேழு வருஷமாக கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். மூன்று சிஸ்டம், ஒரு பிரிண்டர். இந்தத் தொழிலில் வந்தவரிடம் நான் பொய் சொன்னது ஒரே ஒரு நாள்தான்.

அன்று காலையில் வாழவந்தியிலிருந்து சரோஜா வந்திருந்தாள். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவள். தொழிலாளர் குடியிருப்பில் கூரை ஒழுகுவதைப் பற்றி மேனேஜருக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்றாள். வாயால் சொன்னதெல்லாம் ரைட்டரோடு நின்றுவிட்டதாம். தோட்டத்தில் யாருக்கு எங்கே வேலை என்று பிரித்துவிடுகிறவர் அவர். புகாரில் அவர் பெயரும் இருந்தது.

“ஏனுங்க்கா, அனுப்புற வரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா என்னையத் தூரத்துக் காட்டுக்கு மாத்தி உட்டுருவாருங்க.”

பாதி டைப் செய்ததும், மற்றப் பெண்களிடமும் கேட்டுக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்து அதே சிஸ்டத்தில் வந்து உட்கார்ந்தவர் அந்த ரைட்டரேதான். முந்தைய நாள்தான் பிரவுசர் தானாக அப்டேட் ஆகியிருந்தது. அவர் திறந்ததும் ஓரத்தில் புதிதாக ஒரு ஏஐ பெட்டி வந்தது. அதில் ஒரு கேள்வி: ‘எஸ்டேட் ரைட்டர் மீதான புகார்க் கடிதத்தைத் தொடரலாமா?’

“இது என்னமோ கேக்குதுங்களே,” என்று அவர் கண்ணாடியைத் தேடிப் பைக்குள் கை விட்டார்.

நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். “கரண்ட் போயிருச்சுங்க சார்.”

தலைக்கு மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்த சிஸ்டத்துக்கு மட்டுமுங்க,” என்றேன்.

2. மூன்று சுவிட்சுகள்

அவரைப் பக்கத்து சிஸ்டத்துக்கு மாற்றி, எதையும் சேமித்து வைக்காத கெஸ்ட் விண்டோவைத் திறந்து கொடுத்தேன். அவர் போனதும் செட்டிங்ஸில் இறங்கினேன். பார்த்த பக்கங்களை நினைவில் வைப்பது, திறந்திருக்கும் பக்கத்தைப் படிப்பது, எழுத உதவுவது என்று மூன்று சுவிட்சுகள். மூன்றும் ஆனில் இருந்தன. என்னை யாரும் கேட்கவில்லை. ஹிஸ்டரியை அழித்தால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஏஐ நினைவில் வைத்ததை அழிக்க வேறொரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதையும் அழித்துவிட்டு மூன்று சுவிட்சுகளையும் அணைத்தேன்.

மறுநாள் சரோஜாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“படிச்சுட்டாருங்களா?”

“இல்ல கண்ணு. கண்ணாடி கைக்குக் கிடைக்கல.”

டியூப் லைட் கதையைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, “அது இங்கிலீஷ்ல எழுதுமுங்களா? மேனேஜருக்குத் தமிழ் படிக்க வராதுங்க,” என்றாள்.

எழுதும், ஆனால் அதற்குக் கொடுப்பது எங்கேயோ இருக்கும் கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போகும் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

“அப்படின்னா பேரு, ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டுக் குடுப்போமுங்க. வந்ததுக்கப்புறம் நாமளே போட்டுக்கலாம்.”

எனக்குத் தோன்றாத யோசனை அது. எழுத உதவும் சுவிட்சை மட்டும் போட்டோம். இங்கிலீஷில் கடிதம் வந்ததும் அந்த சுவிட்சை அவளே அணைத்தாள். அதற்குப் பிறகுதான் பெயர்களைச் சேர்த்து அனுப்பினோம். மழைக்கு முன்பே கூரைக்குப் புது ஷீட் வந்துவிட்டது.

3. ரைட்டரின் கடிதம்

சில மாதம் கழித்து ரைட்டர் வந்தார். வேறொரு எஸ்டேட்டில் வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எங்க மேனேஜரும் இங்க வருவாருங்க. நான் எழுதுனது அவருக்குத் தெரியாதுங்களே?” என்று கேட்டார்.

அவர்மேல் எனக்கு மரியாதை ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் சரோஜாவுக்குச் செய்ததை அவருக்கும் செய்தேன். கெஸ்ட் விண்டோவைத் திறந்தேன், சுவிட்சுகள் அணைந்திருப்பதைக் காட்டினேன், ஏஐ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவரே எழுதி முடித்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். நாம் அணைத்தது திரும்பவும் எரிந்துகொண்டிருக்கலாம். ஏஐ வேண்டுமா வேண்டாமா என்பதை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்லட்டும். அவரை நமக்குப் பிடிக்கிறதா என்பது அதில் சேராது.