அம்மா இறங்காத தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. கதை பெருப்பிக்கத்தான் வரும். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது என்று அவரே சொல்வார். எனக்கு அது கலியாணம் முடிந்த கையோடு விளங்கிவிட்டது. என் அண்ணனுக்கு விளங்கவில்லை. அதனால் வந்த வினைதான் இது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். எங்கள் ஊர் தேற்றாத்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி. என் வீட்டுக்காரர் இதே கரையில் வடக்கேயுள்ள கதிரவெளிக்காரர் என்றாலும் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார், பெண்ணைப் பெற்றவர்கள் அதே வளவுக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். அப்பா இல்லாததால் அம்மா மட்டும் பின்னாலிருந்த வீட்டுக்குப் போனா. அவர் ஒரு தகரப் பெட்டியோடும், துணி உறைக்குள் துண்டு துண்டாகக் கழற்றி வைத்த ஒரு மூங்கில் தூண்டிலோடும் வந்து சேர்ந்தார். தோட்டத்துத் துரை கலியாணப் பரிசாகக் கொடுத்த தூண்டில் அது.

கலியாண வீட்டு விருந்தில் அண்ணன் வாயைக் கொடுத்தார். “மச்சான், மலையில மீன் இருக்கா, இல்லாட்டி அட்டை மட்டும்தானா?”

அவ்வளவுதான். அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். துரைமார் தங்கள் சீமையிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்ட ட்ரவுட் என்ற மீனைப் பற்றிச் சொன்னார். அதற்குப் புழு, இறால் ஒன்றும் கொளுவத் தேவையில்லையாம். கொளுக்கியில் இறகைக் கட்டித் தண்ணீரின் மேல் வீசினால் பூச்சியென்று நினைத்துப் பாய்ந்து கவ்வுமாம். அதுவரைக்கும் சரி. பிறகுதான் அவர் தான் பிடித்த மீனுக்கு வந்தார்.

“கவ்வினது பாருங்க மச்சான், என்னையும் இழுத்துக்கொண்டு எதிர்த் தண்ணியில ஓடுது. துரை வந்து என்ர இடுப்பப் பிடிச்சார். துரைச்சாணி வந்து துரைட இடுப்பப் பிடிச்சா. ஒரு மாதிரி இழுத்துக் கரையில போட்டம். மீன் வெளிய வந்த உடன ஓடைத் தண்ணி ஒரு சாண் இறங்கிற்று. கீழ தேயிலை ஸ்டோரில தண்ணியால சுத்துற சில்லு டக்கெண்டு நிண்டுபோச்சு.”

அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தோம். மூச்சு வந்ததும் அண்ணன் சொன்ன முதல் சொல், “சில்லு.”

எங்கள் ஊரில் பட்டப்பெயர் விழுந்தால் விழுந்ததுதான். பேரப்பிள்ளை வரைக்கும் போகும். கடையில் சில்லு, தோணித்துறையில் சில்லு. முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வந்த மாப்பிள்ளைக்கு ஊரில் ஒரு மரியாதை வேண்டாமா? கோயில் சடங்கு முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது யாரோ ஒருவன் சபை நடுவில், “அந்தா, சில்லுக்கும் குடுங்க” என்றான். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

மறுநாள் அண்ணனோடு வாய்த்தர்க்கம் வந்தது. “மெய்யெண்டா இந்த வாவியில அந்த இறகால ஒரு மீன் பிடிச்சுக் காட்டுங்க மச்சான். மறுகா ஒருத்தனும் சில்லெண்டு சொல்ல மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு.”

“பிடிக்கிறன்” என்றார் அவர். “பொங்கலுக்குள்ள பிடிக்காட்டி பொஞ்சாதியக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போறன். எனக்கு அங்க பழைய வேலை இருக்கு.”

அத்தோடு தகரப் பெட்டியை உள் அறையிலிருந்து தூக்கிவந்து வாசலடியில் வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். அந்தப் பெட்டியைத் தாண்டித் தாண்டித்தான் நான் உள்ளே வெளியே போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணனைத் திட்டுவேன், பிறகு அவரைத் திட்டுவேன். பிள்ளையை என் வீட்டில் பெறாமல், குளிரில், முகம் தெரியாத ஊரில் போய்ப் பெறுவதா? அவரோ வீம்பில் அண்ணனுக்கு அண்ணன். சொன்னால் செய்வார்.

அம்மாவுக்கு நான் ஒரே மகள். அண்ணன் வழக்கப்படி பெண்சாதி வீட்டோடு. நான் போனால் அவவுக்கு அந்த வளவில் கோழிகள்தான் துணை. ஆனால் அவ மருமகனிடம் போய், “போகாதீங்க” என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை, முன்னால் வருவதுமில்லை. அவர் படலைக்குள் வந்தால் அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பிவிடுவா. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லுவா. நான் கிட்ட இல்லாவிட்டால் கோழியிடம் சொல்லுவா.

அவர் தினமும் பின்னேரம் வளவுக்குப் பின்னால் வாவிக்குள் இறங்கி நின்று இறகை வீசுவார். முன்னுக்கு வீசுவதற்கு முன் பின்னுக்கு ஒரு வீச்சு வீச வேண்டும். அந்தப் பின்வீச்சில்தான் எல்லாம் மாட்டியது. முதல் நாள் முருங்கைக் கிளை. அடுத்து அம்மாவின் உலரப் போட்ட சேலை. அம்மா கோழியைக் கூப்பிட்டு, “சில பேருக்கு மீன் கொடியிலதான் காயுதாக்கும்” என்றா. வாவி மீன்கள் அந்த மலை இறகுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கம்பிலும் கல்லிலும் அறுந்து முடிந்தும் போயின.

கடைசி இறகும் போன மறுநாள் காலை எங்கள் யன்னல் கட்டில் ஒரு பிடி வெள்ளை இறகு கிடந்தது. வெளியே பார்த்தேன். அம்மாவின் வெள்ளைச் சேவல் வாலில்லாமல், வெட்கத்தோடு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்தச் சேவலைக் கோயிலுக்குக்கூடக் கொடுக்க மாட்டேன் என்றவ என் அம்மா. அவர் இறகுகளை எடுத்து, நூலைப் பல்லில் கடித்து, கொளுக்கியில் கட்டினார்.

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம். மாரி மழை வெள்ளம், வாவி கடலில் விழும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டு, கடல் மீன் வாவிக்குள் ஏறியிருந்த நேரம். அண்ணன் அக்கரை வட்டையில் வயல் வேலைக்குப் போயிருந்தார். நான் கரையில் நின்றேன். அம்மா கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு அத்தாங்கால் இறால் வாருவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தா. அத்தாங்கு என்பது பெண்கள் கையில் பிடிக்கும் சின்ன வலை. அன்றைக்கு அது தண்ணீரில் நனையவேயில்லை.

வெள்ளை இறகு தண்ணீரைத் தொட்டது. அந்த இடம் அப்படியே வாய் திறந்தது.

உருளையில் சுற்றியிருந்த நூல் கிர்ரென்று ஓடியது. தூரத்தில் ஒரு கொடுவா முழு உடம்போடு மேலே எழும்பித் தலையை உதறி விழுந்தது. நான் என் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்தது மீன் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வீடு அந்த நூலில் தொங்குவதாகத்தான் தோன்றியது.

அம்மா திரும்பிவிட்டா. “புள்ள, இழுக்கச் சொல்லு.”

“இழுக்கட்டாம்” என்று கத்தினேன்.

“இழுத்தா நூல் அறும். விடத்தான் வேணுமெண்டு சொல்லு” என்றார் அவர்.

“விடத்தான் வேணுமாம்.”

அவர் விட்டார், சுற்றினார், மறுபடி விட்டார். மீன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்ட வந்து, பிறகு பழைய மீன்கட்டுக் கம்புகள் நின்ற பக்கம் திரும்பியது. அந்தக் கம்பில் நூல் ஒருமுறை சுற்றினால் எல்லாம் முடிந்தது. தூண்டிலை விட்டுவிட்டு மீனைப் பிடிக்கப் போக அவரால் முடியாது. ஏழு மாத வயிற்றோடு என்னால் இறங்கவும் முடியாது. அம்மா என்னைப் பார்த்தா, வாசலடிப் பக்கம் ஒருமுறை பார்த்தா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினா.

இடுப்பளவு தண்ணீரில் மாமியும் மருமகனும் தோளோடு தோள் நிற்கிறார்கள். நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அப்போதும் இரண்டு பேரும் என்னைப் பார்த்துத்தான் கதைக்கிறார்கள்.

“இடக்கைப் பக்கம் வருது, மாமியக் குனியச் சொல்லு.”

“அம்மா, இடக்கைப் பக்கமாம், குனியட்டாம்.”

நான் சொல்லி முடிக்க, மீன் வலக்கைப் பக்கம் போய்விட்டது. அம்மா இடக்கைப் பக்கம் வெறும் தண்ணீரை வாரினா.

“அவரக் கொஞ்சம் பின்னுக்கு வரச் சொல்லு புள்ள.”

நான் சொன்னேன். காற்று என் குரலை அள்ளிக்கொண்டு போனது. “என்னவாம்?” என்றார் அவர், பக்கத்தில் நின்றவவைக் கேட்காமல், கரையில் நின்ற என்னை. அதற்குள் மீன் மறுபடி கம்பை நோக்கி இழுத்தது. நூல் விண்ணென்று முறுகிய சத்தம் கரைவரை கேட்டது.

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. வழக்கம் பெரிதா, நான் பெரிதா? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“சொல்லு புள்ள” என்றா அம்மா. “சொல்லன்” என்றார் அவர். நான் வானத்தைப் பார்த்தேன்.

மீன் இருவர் காலுக்கும் நடுவில் புரண்டது.

“மாமி, இப்ப வாருங்க” என்றார் அவர்.

“நூல மேல தூக்குங்க மருமகன்” என்றா அம்மா.

அவர் தூக்கினார், அம்மா வாரினா. அத்தாங்குக்குள் தலை மட்டும்தான் கொண்டது, மிச்சமெல்லாம் வெளியே. மீன் ஒரு உதறு உதற, அம்மா மல்லாக்க விழுந்தா. வலையை மட்டும் விடவில்லை. அவர் தூண்டிலை எறிந்துவிட்டுப் பாய்ந்து வாலைக் கட்டிப் பிடித்தார். “விடாதீங்க மருமகன்.” “நீங்க தலைய விடாதீங்க மாமி.” மூன்று பேருமாக, மீனையும் சேர்த்துத்தான், சேற்றில் உருண்டு கரைக்கு வந்தார்கள். கொஞ்ச நேரம் எது மாமி, எது மருமகன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. இரண்டும்தான்.

அதற்குள் அண்ணனின் தோணி கரை தட்டியது. கூட வந்த நாலைந்து பேரும் இறங்கி வந்தார்கள். அம்மா சட்டென்று எழும்பி, முக்காட்டை இழுத்துக்கொண்டு, வேலிப் பக்கம் திரும்பி நின்றுவிட்டா. அண்ணன் குனிந்து மீனின் வாயைத் திறந்து பார்த்தார். இறகு இல்லை. சேற்றில் அடித்த அடியில் கொளுக்கி கழன்று எங்கேயோ போய்விட்டது. மீனின் தலை இன்னும் அத்தாங்குக்குள் இருந்தது.

“இறகு எங்க மச்சான்? இது அம்மாட அத்தாங்கு. அத்தாங்கால பிடிக்க எங்களுக்கும் தெரியும்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வாயைத் திறந்தார். எனக்கு அவரைத் தெரியும். இனிக் கதை வரும் என்று நினைத்தேன். ஆனால் நடந்ததைச் சொன்னால், மாமி மருமகனோடு தண்ணீருக்குள் நின்று கதைத்ததையும் அத்தனை ஆண்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அவர் அம்மாவின் முதுகை ஒரு தரம் பார்த்தார். வாயை மூடினார். வீட்டை நோக்கி நடந்தார். வாசலடியில் பெட்டி இருந்தது.

“மனே” என்று அண்ணனைக் கூப்பிட்டா அம்மா. திரும்பவில்லை. “அது மருமகன் இறகால பிடிச்ச மீன். தனியத்தான் பிடிச்சவர். நான் தண்ணிக்குள்ள இறங்கவே இல்ல. கோழிக்குத் தவிடு வைச்சுக்கொண்டு நிண்டன்.”

அவவின் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப சேலை என்ன ஈரம்?” என்றார் அண்ணன்.

“கொடியில இருந்து ஈரத்தோட எடுத்து உடுத்தனான்.”

“அத்தாங்கு?”

“கரையில கிடந்தது. மீன் தன்ர பாட்டில வந்து தலைய விட்டது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பெற்ற தாயைச் சபையில் வைத்துப் பொய்க்காரி என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்? அண்ணன் அவவின் தலைமயிரில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார். அவர் வீம்புக்காரர்தான், மடையர் இல்லை. மீனைத் தோளில் தூக்கிக்கொண்டு, “மச்சான்ட மீன்தான்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் அண்ணனுக்குத்தான். அன்றைக்கு அம்மா தலைத்துண்டை மருமகனுடைய சோற்றுக் கோப்பையில் வைக்கச் சொன்னா, என்னிடம்தான். சாப்பிட்டுவிட்டு அவர் தகரப் பெட்டியை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மூத்தவள் அந்த அறையில்தான் பிறந்தாள்.

அண்ணன் எவ்வளவோ சொல்லியும் சில்லு என்ற பெயர் போகவில்லை. என் வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொடுவா மட்டும் வருசா வருசம் வளர்ந்தது. ஒரு கட்டத்தில் அதை வெளியே எடுத்ததும் வாவி ஒரு சாண் இறங்கி, அக்கரைத் தோணியெல்லாம் தரை தட்டின. சனம் வாய் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் “மாமி எனக்குப் பக்கத்தில நிண்டு என்னோட நேர கதைச்சா” என்று அவர் சொல்லும் இடம் வந்ததும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். “சில்லு, மீன நம்புறம். இத நம்ப ஒண்ணா.”

அம்மாவைக் கேட்டால் கோழியைப் பார்த்து, “நான் தவிடு வைச்சுக்கொண்டு நிண்டன்” என்பா. சாகும்வரை அவ அவரோடு வேறொரு வார்த்தை நேரே பேசவில்லை. அவர் பெருப்பிக்காமல் சொன்ன ஒரே கதை, மாமி அன்றைக்கு நேரே கதைத்ததுதான். அதற்குச் சாட்சி நான் ஒருத்திதான். எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். “அம்மா சொன்னதுதான் சரி” என்பேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மீனை இன்னும் ஒரு சாண் நீட்டுவார்.